ஒரு சாண் கீழே

"வில்லை யாரோ தொட்டிருக்காங்க மேடம்," என்றார் ஆதிமூலம். "யாரோ இன்னா யாரோ. அந்த மலைக்காரப் பொண்ணுதான்."

பயிற்சியாளர் ராதிகா இலக்கைப் பார்த்தாள். ஆதிமூலத்தின் மகள் சந்தியா எய்த அம்புகள் அத்தனையும் மஞ்சள் வட்டத்துக்கு ஒரு சாண் கீழே குத்தி நின்றன.

மறுநாள் காலை இதே கள்ளக்குறிச்சி மைதானத்தில் தேர்வு. மாநிலப் போட்டிக்குப் பெண்களில் ஒருத்திதான் போகலாம். அங்கே ஜெயித்தால் விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரி இடம். சந்தியாவுக்குப் போட்டி என்றால் ஒருத்திதான். கல்வராயன் மலையிலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கியிருக்கும் எழில்மதி.

"நேத்து வில்லு வெக்கற ஷெட்டைப் பூட்டினது யாரு? அவதானே. இன்னிக்குக் காய்ச்சல்னு படுத்துக்கினா. எப்படி வரும் அந்தக் காய்ச்சல்?"

ஒதுக்கீடு கேட்டுச் சில நாளாக நடக்கும் சாலை மறியலிலிருந்து ஆதிமூலம் நேராக வந்திருந்தார். கோஷம் போட்டுத் தொண்டை கட்டியிருந்தது.

"அவங்களுக்குத்தான் ஒதுக்கீடு இருக்குதே. நாங்க ரோட்டுல குந்திக்கினு கேக்கறோம். இதுவும் வேணுமா அவங்களுக்கு?"

"ப்பா, சும்மா இருப்பா," என்றாள் சந்தியா.

"நீ சும்மா இரு. அவகூடப் பேசாதன்னா கேட்டியா? மேடம், அந்தப் பொண்ணு கை பட்டது எதுவா இருந்தாலும் கழட்டிப் போடுங்க. அப்பறம் எம்பொண்ணு அடிக்கட்டும்."

"மொதல்ல என்ன தப்புன்னு பாக்கலாம் சார்," என்றாள் ராதிகா. "அம்பு சிதறியிருந்தா கை சரியில்லன்னு அர்த்தம். இது ஒரே இடத்துல கொத்தா இருக்கு. சந்தியா கை நல்லாத்தான் இருக்கு. வில்லுல ஏதோ மாறியிருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

ராதிகா தன் அம்புகளைக் கொடுத்து அடிக்கச் சொன்னாள். அவையும் ஒரு சாண் கீழே.

அடுத்து, வில்லின் முன்புறம் குறி பார்க்க இருக்கும் சைட். அதன் திருகு அசைந்தால் தெரிய வேண்டும் என்று ராதிகா முன்பே அதன் குறுக்கே நெயில் பாலிஷால் கோடு போட்டிருந்தாள். கோடு கோணாமல் அப்படியே இருந்தது.

"சைட்டை யாரும் தொடல."

அம்பின் இறகு எங்காவது உரசுகிறதா என்று பார்க்க, அம்பு உட்காரும் இடத்தைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி ஓர் அம்பு விடச் சொன்னாள். பவுடர் கலையவில்லை. அங்கேயும் கோளாறு இல்லை.

கடைசியாக நாணைப் பார்த்தாள். நாணின் நடுவே, கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன வளையம் நூலால் கட்டியிருக்கும். பீப் என்பார்கள். அது இறங்கினால் அம்பும் இறங்கும்.

"சந்தியா, பீப்பை எந்த நூல்ல கட்டினே?"

"செவப்பு நூல் மேடம்."

வில்லில் இருந்தது பச்சை நூல்.

சந்தியா கிட்டே வந்து பார்த்தாள். "இது என் நாணே இல்ல மேடம்."

"பாத்தீங்களா?" கட்டின தொண்டையோடு கத்தினார் ஆதிமூலம். "ரெண்டு வில்லும் ஒரே மாதிரி வாங்கினதாலதானே இந்த வேலை? நல்ல நாணை எடுத்துக்கினு அவளுதை இதுல மாட்டி வுட்டுருக்கா. அவ பெட்டியத் தொறங்க. எம்பொண்ணு நாணு அதுலதான் இருக்கும்."

ராதிகாவுக்கு மனசில்லை. ஆதிமூலமே ஷெட்டுக்குள் போய் எழில்மதியின் பெட்டியைத் தூக்கி வந்து திறந்தார்.

அவர் சொன்னது சரிதான். சிவப்பு நூல் கட்டிய நாண் அதில் சுருட்டி வைத்திருந்தது. அவர் அதைப் பிரித்து உயர்த்திப் பிடித்தார். வில்லின் முனையிலிருக்கும் சக்கரத்தில் உராயும் இடத்தில் பாதி இழை அறுந்து பஞ்சாகத் தொங்கியது.

பெட்டியிலிருந்த எழில்மதியின் வில்லில் நாணே இல்லை.

ராதிகா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எழில், சந்தியா நாணை மாத்தினது நீயா?"



"அம்பு கீழ போவுதா மேடம்? அவ மூஞ்சி என்னுதைவிட நீளம். குத்துமதிப்பா ஏத்திக் கட்டினேன். இன்னும் ஒரு அரிசி அளவு ஏத்தணும்போல."

"ஏன்டி மாத்தினே?"

"அவ நாணு அறுந்துக்கினு இருந்துச்சு மேடம். முழுசா இழுக்கறப்ப அறுந்திருந்தா மூஞ்சியிலயே அடிச்சிருக்கும். புது நாணு பார்சல்ல வரணும். மறியல்ல லாரியே ஓடலியே."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னா அவங்க அப்பா வாங்க வுட மாட்டாரு. உங்களுக்குப் பொய் சொல்லவும் வராது."

"நாளைக்கு நீ எதை வெச்சு அடிப்பே?"

"ரெண்டு பேருக்கும் இருக்கறது ஒரு நாணுதான் மேடம். இந்த வருசம் அவதான் நல்லா அடிக்கறா. அடுத்த வருசம் பாருங்க, அவளை நான் வுட மாட்டேன்."

போன் நின்றது. ஆதிமூலம் அறுந்த நாணைக் கீழே வைக்கவில்லை. பஞ்சாகத் தொங்கிய இழைகளை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

ராதிகா பீப்பை ஓர் அரிசி அளவு ஏற்றிக் கட்டினாள். சந்தியா கண்ணைத் துடைத்துக்கொண்டு வில்லை வாங்கி இழுத்து விட்டாள். அம்பு மஞ்சளின் நடுவில் போய்க் குத்தியது.

ராதிகா ஆதிமூலத்தின் பக்கம் திரும்பினாள்.

நிதானமாகக் கேட்டாள்:

"அந்தப் பொண்ணு கை பட்டது இந்த நாண் ஒண்ணுதான் சார். கழட்டிடட்டுமா?"