சுழித்தால்தான் சத்தம்

"தப்பு என்னோடதுதான்," என்றாள் பூர்ணிமா.

கூடத்தில் அவள் புருஷன் அன்புச்செல்வனின் உடல் கிடந்தது. வயது முப்பத்தாறு. சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

"கை மரத்துப்போகுதுன்னு சென்னைக்குப் போன் பண்ணாரு. அப்பாகிட்டச் சொல்லாதன்னாரு. வைவா முடியட்டும்னு நானும் விட்டுட்டேன்."

விருத்தாம்பாள் எழுந்துவிட்டாள். செத்தவனுக்கு அத்தை. மங்கலம்பேட்டையிலிருந்து வந்தவள்.

"அடிப்பாவி! தெரிஞ்சேவா?"

அன்புச்செல்வனுக்குச் சிறுநீரகம் போய் மூன்று வருஷம். டயாலிசிஸுக்காக இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்திருந்தார்கள். காதை வைத்தால் உர்ரென்று கேட்கும். தினம் காலையில் கேட்க வேண்டும். நின்றால் அடைப்பு. அன்றைக்கே ஓடினால் சரிசெய்யலாம்.

பூர்ணிமா கணக்கு லெக்சரர். திரவம் கொந்தளித்து ஓடுவதைச் சொல்லும் சமன்பாடுகளில் ஆராய்ச்சி. டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு, வைவா, சென்னையில். புறப்படும்போது தினம் கேட்கும்படி மாமனாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

"ரத்தம் சீரா ஓடுனா சத்தம் போடாது மாமா. இந்த எடத்துல சுழிச்சு ஓடுது. அதான் சத்தம். என் கணக்கும் இதேதான்."

மூன்று நாள். மூன்று காலையும் மாமனார் கோவிந்தசாமி போன் செய்தார். "சத்தம் ஜோரா இருக்குதும்மா."

நாலாம் நாள் டயாலிசிஸ். டாக்டர் கையைத் தொட்டுப் பார்த்தார். அடைத்து இரண்டு நாளுக்கு மேலாச்சு என்றார். கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி புகுந்து ஜுரம் கண்டது. பத்து நாளில் முடிந்தது.

விருத்தாம்பாள் விடவில்லை.

"தண்ணி எப்படிச் சுழிக்குதுன்னு கண்டுபிடிக்கப் போனாளாம். இங்க புருஷன் ரத்தம் நின்னுபோச்சு. டாக்டர் பட்டமாம், பட்டம்! இனிமே இந்த வூட்டுல ஒனக்கு என்னடி வேலை?"

பூர்ணிமா நிமிரவில்லை.

கோவிந்தசாமி எழுந்து வந்தார்.

"அதைத் திட்டாத விருத்தாம்பா. எனக்குக் கேட்டுச்சே. தெனம் கேட்டுச்சே."

அவர் குனிந்தார். மகனின் இடது கையில் காதை வைத்தார்.

"பூர்ணிமா! இன்னும் கேக்குதும்மா! ஓடுது! வந்து பாரு!"

கூடம் அலறியது. இரண்டு பேர் அவரைப் பிடித்து இழுத்தார்கள். புள்ள போன துக்கம், புத்தி கலங்கிடுச்சு என்றார்கள்.

பூர்ணிமாவுக்குத் தெரியும். செராமிக் கம்பெனியில் முப்பது வருஷம் அரவை இயந்திரத்தின் பக்கத்தில் நின்ற காது அது. எந்நேரமும் அதற்குள் உர்ரென்றுதான் இருக்கும். அவர் கேட்டது அந்தச் சத்தத்தைத்தான் என்று டாக்டர் இரண்டு நாள் என்றபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. கை மரத்தது, அவன் போன் செய்தது எல்லாம் அவள் கட்டிய கதை.

கிழவர் அவளைப் பார்த்தார்.

"நான் சரியாத்தானேம்மா கேட்டேன்?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியாத்தான் கேட்டீங்க மாமா."