ஆம்பளைங்க கூட்டம்

"எட்டு மணி நேரம் தூங்கணுமாம்! கேட்டீங்களாடா?"

நாகலிங்கம் எழுந்து நின்று கேட்டதும் வாசிகசாலையில் இருந்த முப்பது ஆண்களும் கொல்லென்று சிரித்தார்கள்.

முன்னால் நின்ற ரிஸ்லா மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பெனி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பிய நலன்புரி உத்தியோகத்தர் அவள். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஆண்களை மட்டும் கூப்பிட்டு, டெஸ்டொஸ்டெரோன் என்ற ஹார்மோன் உடம்பில் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

நன்றாகத் தூங்க வேண்டும். தொப்பை போடக் கூடாது. முட்டை, மீன், பருப்பு சாப்பிட வேண்டும். சாராயத்தைக் குறைக்க வேண்டும். அதுவரைக்கும் நாகலிங்கம் பொறுமையாகத்தான் இருந்தான். அடுத்து அவள் சொன்னது இது:

"டவுன்ல விக்கிற டப்பா மருந்தை நம்பி வாங்காதீங்க. எப்பவும் களைப்பு, சும்மா சும்மா எரிச்சல், வீட்டுக்காரி மேல நாட்டமில்ல, இப்படி இருந்தா வெட்கப்படாம ரத்தம் சோதிச்சுப் பாருங்க."

அங்கேதான் அவனுக்குச் சுருக்கென்றது. பலாங்கொடையில் வாங்கிய இரண்டு டப்பாக்கள் அவன் பெட்டியில் உடுப்புக்கு அடியில் இருந்தன. ஒரு வருஷமாக, லீவு நாள் இரவிலும் அவன் மனைவிக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுக்கிறான்.

சிரிப்பு அடங்கியதும் அவன் தொடர்ந்தான்: "மிஸ், நான் ஒன்பது வருஷமா பெக்டரியில நைட் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா காலையில ஆறு மணிக்கு வர்றேன். பகல்ல தகரத்துக்கு அடியில படுத்தா உடம்பு வேகுது. இந்தப் பக்கத்து வீட்டுல டிவி, அந்தப் பக்கத்து வீட்டுல பிள்ளை அழுகை. நான் எங்க போய் எட்டு மணி நேரம் தூங்குறது? உங்க வீட்டுலயா?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது.

"பகல் வேலை கேட்டுப் பார்த்தீங்களா அண்ணே?"

"கேட்டா, இஷ்டமில்லாட்டி நின்னுக்கோன்றாங்க. நீங்க கஹவத்தை டவுன் வீட்டுல ஃபேன் காத்துல தூங்கி எழும்பி வந்து எங்க ஆம்பளைத்தனத்தை அளக்குறீங்க. வெட்கமா இல்ல?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ரிஸ்லா கூட்டத்தைப் பாதியிலேயே முடித்தாள். எல்லாரும் வெளியேறும்போது வாசலில் அவனை நிறுத்தித் தணிந்த குரலில் சொன்னாள்:

"நீங்க மட்டும் ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு வாங்க அண்ணே. ரத்தம் பார்க்க நான் துண்டு எழுதித் தாறேன்."

பின்னால் வந்த எவனோ விசிலடித்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல! என்னை நோயாளியாக்காதீங்க!" என்று கத்திவிட்டு நாகலிங்கம் இறங்கி நடந்தான்.

வீட்டுக்கு அவன் வருவதற்குள் சேதி வந்துவிட்டது.

"ஊர் முன்னாடி ஒரு பொம்பளைப் பிள்ளையை இப்படியா பேசுவீங்க?" என்றாள் அவன் மனைவி புஷ்பம். "அது போய்த் தோட்டத்துத் தொரைகிட்ட சொன்னா இருக்கிற வேலையும் போயிரும்."

"சொல்லட்டும். அவங்கள அனுப்புறதே அதுக்குத்தானே!"

புஷ்பம் தேநீரை அவன் முன்னால் வைத்தாள். பிறகு, "அந்தப் பிள்ளை சொன்னதுல எதுங்க பொய்?" என்றாள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

இரண்டு கிழமை கழித்து, பதினைந்தாம் நாள், தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை கூப்பிடுவதாக ஆள் வந்தது.

'போட்டுக் குடுத்துட்டா!' ஆபீஸ் வரைக்கும் ஏறுகிற பாதையெல்லாம் நாகலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டே போனான். என்ன கேட்டாலும் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருந்தான்.

தொரை ஒரு கடிதத்தை மேசையில் எறிந்தார்.

"அந்த மிஸ் என்னைத் தாண்டி கொழும்புக் கம்பெனிக்கு எழுதிட்டா. இனி நைட் வேலை யாருக்கும் தொடர்ந்து ரெண்டு கிழமைக்கு மேல இல்ல. மாத்தி மாத்தித்தான். நைட் ஆள் எல்லாரும் ஆஸ்பத்திரி போய் ரத்தம் பார்க்கணும். கொழும்புல இருந்து ஓடர்!"

நாகலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடிதத்தை எடுத்தான்; ரிஸ்லா சிங்களத்தில் எழுதியதன் நகல் அது. சிங்களம் அவனுக்கு நன்றாகவே வாசிக்க வரும்.

'ஒரே ஆளை ஒன்பது வருஷம் இரவில் வேலை வாங்கிவிட்டு, தூங்கு என்று அவனுக்கே புத்தி சொல்ல நான் போனேன். அது என் வெட்கம், கம்பெனிக்கும் வெட்கம். ஒருவரை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பினால் மற்றவர்கள் சிரிப்பார்கள். எல்லாரையும் அனுப்புங்கள்.'

அதே வரிகளை அவன் திரும்பவும் வாசித்தான்.

"ஒன்பது வருஷக்காரன் நாலு பேர் இருக்கான்," என்றார் தொரை. "இவகிட்ட போய் அழுதது யாரு? மத்த மூணு பேர்கிட்டயும் கேட்டாச்சு. தெரியாதுன்றான். கூட்டத்துக்குப் போன ஒருத்தனும் வாய் திறக்கிறானில்ல."

"அந்த மிஸ்கிட்ட கேட்டீங்களா தொரை?"

"கேட்டேன். பேரைச் சொன்னா இங்கேயே இருக்கலாம், இல்லாட்டி ரம்புக்கனைப் பக்கம் மாற்றம்னு சொன்னேன். பேசாம நேத்து பேக்கைத் தூக்கிட்டுப் போயிட்டா. விசர் பிடிச்சவ!"

நாகலிங்கம் கடிதத்தை மடிக்காமல் மேசையில் வைத்தான்.

"யாரும் அழல தொரை. முப்பது பேர் முன்னாடி அந்தப் பிள்ளையை அசிங்கப்படுத்தினான் ஒருத்தன். அது நான்தான். எழுதிக்குங்க."