குனிந்த தலை

குனிந்த தலை நிமிராத பெண் என்று லாரி ஆபீஸ் முழுக்க அவளைக் கேலி செய்வார்கள். அடக்க ஒடுக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். மடியில் போன் இருக்கும்.

பயிற்சிக் காலம் முடிந்துவிட்டது. வேலையை நிரந்தரம் செய்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று மேனேஜர் அன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. சரக்கு பில்லையெல்லாம் மளமளவென்று போட்டுத் தள்ளிவிடுவாள். ஆனால் ஒரு பில்லுக்கும் அடுத்த பில்லுக்கும் நடுவில் கை தானாக மடிக்குப் போகும். மேனேஜருக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். தொட்டிலிலேயே போனைக் கொடுத்து வளர்த்த பிள்ளைகளை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று வீட்டில் மனைவியிடம்கூடப் புலம்பியிருக்கிறார். கூப்பிட்டுக் கண்டித்தால் "சரி சார்" என்பாள். மறுநாள் அதே கதைதான்.

அவளை அறைக்கு அழைத்தார். பக்கத்து இருக்கைக்காரர் என்பதால் பெரியவரையும் வரச் சொன்னார்.

ஆபீஸ் திறந்த நாளிலிருந்து கையால் பில் எழுதியவர் பெரியவர். இந்த வருடம் எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது மனிதர் என்ன பாடுபடப்போகிறாரோ என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அவரோ சீக்கிரமே பிடித்துக்கொண்டுவிட்டார். மேனேஜருக்கு அதில் ஏகப் பெருமை. யார் வந்தாலும் அவரைக் காட்டித்தான் பேசுவார். இப்போதும் அதைத்தான் செய்தார்.

"அண்ணனைப் பாரு. ரிட்டயர் ஆகப்போற வயசுல கம்ப்யூட்டரைக் கரைச்சுக் குடிச்சிட்டார். நீ போனோடயே பொறந்தவ. அதை வச்சு என்னத்தைக் கண்ட?"

அவள் போனைக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"வேலை நேரத்துல அப்படி யாருக்குத்தான் மெசேஜ் போடற? வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா? அதையாவது சொல்லும்மா."

ஏதாவது ஒரு காரணம் கிடைத்தால் விட்டுவிடலாம் என்றுதான் நிஜமாகவே அவர் நினைத்தார். அப்பா இல்லாத பெண், அவள் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அவள் பெரியவர் பக்கம் திரும்பினாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவங்களுக்கு சார்," என்றாள்.

காதல் விவகாரம் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். பெரியவரைக் கேட்டதற்கு, தான் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பவன், தனக்கு எதுவும் தெரியாது என்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லியாயிற்று. அவள் அழவில்லை. டிபன் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. பில் வந்தால்தான் வண்டி நகரும். மேனேஜர் உள்ளே வந்து பார்த்தார். பெரியவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

"என்னமோ புதுசா கேக்குது சார். சாப்பாட்டு நேரம் வரைக்கும் பொறுத்துக்கங்க."

"சாப்பாட்டு நேரத்துல என்ன?"

பெரியவரின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"எனக்கு ஆரம்பத்திலேர்ந்தே இதுல ஒண்ணும் புரியல சார். வாய்விட்டுக் கேட்டா நாலு பேர் சிரிப்பாங்கன்னு ஸ்கிரீனைப் படம் எடுத்துப் பக்கத்து சீட்டுக்கே மெசேஜ் போடுவேன். அந்தப் பொண்ணு எதை அழுத்தணுமோ அதுல வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பும்."

மேனேஜர் காலியாகக் கிடந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அன்னிக்கே ஏண்ணே வாயைத் திறக்கல?"

"நீங்க என்னைப் பெருமையா பேசிக்கிட்டிருந்தீங்க சார்."

வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. விசாரிக்காமல் கொள்ளாமல் அந்தப் பெண்ணின் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று மேனேஜருக்கு மனசு ஆறவில்லை.

"இப்பவே அவளுக்குப் போன் போடுங்க. நான் பேசறேன்."

"வேண்டாம் சார்," என்றார் பெரியவர். "முந்தாநாள் வரைக்கும் வீட்லேர்ந்தே எனக்கு வட்டம் போட்டு அனுப்பிச்சு. நேத்துதான் வேற எடத்துல சேர்ந்திருக்கு. வேலை நேரத்துல போனைத் தொட்டா அங்கேயும் அனுப்பிடுவாங்களாம்."