கரடிக்கு எதுக்கு மறைப்பு?

புதுப்பித்த கரடிக்கூண்டைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனார் மிருகக்காட்சிசாலை இயக்குநர் குரஹாஷி. நாலு பக்கமும் கண்ணாடி!

"ஒளிஞ்சுக்க ஒரு மறைப்பு வேணும் ஐயா. எந்நேரமும் பார்த்துட்டே இருந்தா கரடி நொந்துபோயிடும்," என்றார் கால்நடை மருத்துவர் மிஸுயே.

"பார்க்கத்தானேம்மா வச்சிருக்கோம்? கரடிக்கு என்ன வெட்கம்?"

திறப்பு விழாவுக்கு முதல் நாள், எல்லாம் சரியா என்று பார்க்க, இன்னும் கரடி விடாத காலிக் கூண்டுக்குள் போனார் குரஹாஷி. கதவு மூடிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் திறக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பள்ளிக் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள்.

"டேய், இது டை கட்டியிருக்குடா!"

"கண்ணாடியைத் தட்டு, திரும்பிப் பார்க்கும்!"

இந்தப் பக்கம் திரும்பினால் சிரிப்பு, அந்தப் பக்கம் திரும்பினால் கேமரா. அங்குமிங்கும் நடந்து பார்த்தவர், கடைசியில் முகத்தைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், உடம்பு சரியில்ல போல," என்றாள் ஒரு சிறுமி.

ஒருவழியாக மிஸுயே ஓடிவந்து கதவைத் திறந்தார்.

"நல்லவேளை வந்தீங்க டாக்டர்! இன்னைக்கே ஒரு சுவர் எழுப்பச் சொல்லுங்க. ஒண்ணு போதாது, ரெண்டு!"

மாலையில் சுவர் எழும்பியது. பூட்டைச் சரிசெய்ய வந்த ஆள்தான் விழித்தார். "இதுல ஒரு கோளாறும் இல்லையே ஐயா. யாரோ வெளியில பூட்டியிருக்காங்க."

குரஹாஷி மெல்லத் திரும்பி மிஸுயேவைப் பார்த்தார்.

"இந்தக் கூண்டுக்கான திட்டத்துல 'பார்வையாளர் கல்வி'ன்னு போட்டிருந்தீங்களே ஐயா," என்றார் அவர் பணிவாக. "பிள்ளைங்களை வரச்சொன்னதும் நான்தான்."