வாசலோரம் ஓர் இடம்

"அந்தக் கடைசி வரிசை முழுக்கக் காலியா கிடக்கே, வெண்டல்! அங்க நிறுத்தித் தொலையேன்!"

"உனக்கென்ன, சொல்லிடுவ. அங்கேர்ந்து வாசலுக்கு நடக்கப்போறது என் காலா, உன் காலா?"

ஆஸ்பத்திரியின் கார் நிறுத்தத்தில் வண்டி இன்னொரு சுற்றுப் போக, டோரிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கால் பேச்சை எடுத்தால் புருஷனை ஜெயிக்க முடியாது.

வெண்டலுடையது, டொலீடோ நகரத்தில் இருபத்தாறு வருடம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்து, முந்நூற்றுப் பத்து பவுண்டுக்கு வளர்த்த உடம்பு. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் மண்புழு மாதிரி சுருண்டு புடைத்திருந்தன. சாயங்காலம் ஆனால் கணுக்கால் வீங்கிவிடும். பாவம், அந்த வலி மட்டும் பொய்யே இல்லை.

லேசர் வைத்தால் சரியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்சூரன்ஸ்காரன் விட வேண்டுமே! ஆஸ்பத்திரி நடத்தும் நரம்புச் சுருட்டல் வகுப்புக்கு முதலில் போய்க் கையெழுத்து வாங்கி வா, அப்புறம் பார்க்கலாம் என்று எழுதிவிட்டான். வகுப்பு இன்றைக்குப் பத்து மணிக்கு.

"இதை விட்டா அடுத்த வகுப்பு நாலு மாசம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் ராத்திரி முழுக்க நீ முனகுறதை நான்தான் கேக்கணும்!"

"அதான் வந்தாச்சே! வாசல் இதோ தெரியுது. யாராவது ஒருத்தன் வண்டியை எடுத்தா நுழைஞ்சிடுவேன்."

ஒருத்தரும் எடுக்கவில்லை. வெண்டலைப் போலவே பத்துப் பதினைந்து வண்டிகள் வாசலைச் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டிருந்தன. முதல் வரிசையில் ஒருவன் காருக்குள் உட்கார்ந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவனாக டோனட் தின்றுகொண்டிருந்தான். வெண்டல் சிக்னலைப் போட்டுவிட்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

மணி பத்தே கால். டோனட்காரன் விரலை நக்கிவிட்டு வண்டியை எடுத்தான். பின்னாலிருந்து ஒரு சாம்பல் நிற வேன் மூக்கை நுழைத்தது.

"ஏம்மா, கண்ணு தெரியலையா? நான் எப்பவோ சிக்னல் போட்டாச்சு!"

"எனக்குக் கால் வலிங்க!" என்றாள் வேன்காரி.

"எனக்கு மட்டும் என்ன, அழகுக்கா வீங்கியிருக்கு?"

ஒரே திருப்பு. இடம் வெண்டலுக்கு. வேன்காரி ஏதோ திட்டிக்கொண்டே அடுத்த சுற்றுக்குப் போனாள்.

"பாத்தியா! பொறுத்தார் பூமி ஆள்வார்," என்று மார்தட்டிவிட்டு, பதினாறே அடியில் வாசலைத் தொட்டான். அதற்கே மூச்சு வாங்கியது.

"நரம்புச் சுருட்டல் வகுப்பு எந்த ரூம்மா? கொஞ்சம் லேட்டாயிடுச்சு."

வரவேற்பில் இருந்த பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ரூமா? அது நடைப்பயிற்சி வகுப்பு சார். லெட்டர்லயே போட்டிருந்தோமே, படிக்கலையா? கார் நிறுத்தற கடைசி வரிசையிலதான் நடத்தறோம், அதுக்காகவே அதைக் காலியா வெச்சிருக்கோம்."

வெண்டல் கடைசி வரிசைப் பக்கம் திரும்பினான். "இப்ப... இப்ப ஓடினா கையெழுத்துப் போடுவாங்களா?"

"மாஸ்டர் தன்னந்தனியா நின்னு பாத்துட்டு, பதினஞ்சு பேருக்கும் ஆப்சென்ட் போட்டுட்டு இப்பதான் கிளம்பினாரு சார். நீங்களாவது வண்டியை விட்டு இறங்கினீங்க, மத்த பதினாலு பேரும் இன்னும் வாசலோரம் இடம் தேடிச் சுத்திக்கிட்டிருக்காங்க!"