எழுதாமல் விட்ட வரவு

அவள் பேனாவை நீட்டினாள். வங்கிக் கடன் படிவத்தில் கணவன் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி இட்டிருந்தாள்.

அவன் பேனாவை வாங்கிக்கொண்டான். கையெழுத்துப் போடவில்லை.

"எதுக்கும் ஒரு கணக்குப் பாத்துருவோம்."

படிவத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய வாலிபால் ஸ்கோர் ஷீட் ஒன்றைத் திருப்பிப்போட்டான்.

தனியார் பள்ளியில் அவன் பி.டி. வாத்தியார். கணக்குக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். கணக்கு வாத்தியார் வாரத்துக்கு மூன்று முறை அவனுடைய பீரியடைக் கடனாக வாங்கிக்கொண்டு போவார். ஒரு முறைகூடத் திருப்பித் தந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது.

அவள் சேரப்போகும் பி.பி.எட்., அதாவது உடற்கல்வி ஆசிரியர் படிப்பு, இரண்டு வருடம். கட்டணம், பஸ், சீருடை, ஷூ. இரண்டு லட்சத்து முப்பதாயிரம் கடன். அதற்கு வட்டி.

படித்து முடித்தால் பதினோராயிரம் சம்பளம். மே மாதம் அதுவும் கிடையாது.

எட்டு வருடம் வேலை பார்த்த அவனுக்கே பதினான்காயிரம்தான். அவன் இதே படிப்புக்கு வாங்கிய கடனில் இன்னும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பாக்கி. அதையும் எழுதினான்.

கடைசியில் 'கடன் அடைய ஒன்பது வருடம்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டான்.

எதுவும் பொய் இல்லை. வேண்டுமானால் வங்கி மேனேஜரே கூட்டிப் பார்க்கலாம்.

சிலவற்றை எழுதவில்லை, அவ்வளவுதான்.

பெண்கள் பள்ளி ஒன்றில் லேடி பி.டி. கிடைக்காமல் அலைகிறார்கள். பதினெட்டாயிரம் தருவதாக அவனிடமே சொல்லியிருந்தார்கள். அந்தப் பேச்சை அவன் வீடு வரைக்கும் கொண்டுவரவில்லை.

அரசுப் பள்ளி வேலைக்குத் தேர்வு ஒன்று இருக்கிறது. அவன் இரண்டு முறை எழுதித் தேறவில்லை.

அவள் முதல் முறையே தேறிவிடுவாள். அதனால்தான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன வாரம் கல்லூரி மைதானத்தில் பி.பி.எட். சேர்க்கைக்கான உடற்தகுதித் தேர்வு நடந்தது. தண்ணீர் பாட்டிலும் துண்டுமாக அவன் கயிற்றுக்கு வெளியே நின்றான். நூறு மீட்டரில், கடைசி இருபதில் அவள் இரண்டு பேரைத் தாண்டினாள். பந்தெறிதலில் அளவு நாடா பிடித்தவர் இன்னும் பின்னால் போகவேண்டியிருந்தது.

அவனுக்குப் பாடம் எடுத்த அதே பேராசிரியர் அவளிடம் வந்தார். உன் கோச் யாரும்மா என்று கேட்டார்.

அவள் அவனைக் காட்டினாள். முகமெல்லாம் பெருமை.

இரண்டு மாதமாக விடியற்காலையில் அவளுக்கு ஸ்டாப் வாட்ச் பிடித்தவன் அவன். வாட்ச் காட்டியதைவிட ஒரு விநாடி கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தான். சோர்ந்துபோய் விட்டுவிடுவாள் என்று நினைத்தான். அவளோ அந்த ஒரு விநாடியைக் குறைக்க இன்னும் வேகமாக ஓடினாள்.

பேராசிரியர் அவனைப் பார்த்தார். யாரென்று பிடிபடவில்லை. பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை இடம் கிடைத்தவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். மூன்றாவதாக மாரீஸ்வரி என்று அவள் பெயர் இருந்தது. அவன் அந்தக் காலத்தில் காத்திருப்போர் பட்டியலில் கிடந்து, யாரோ விலகியதால் உள்ளே போனவன்.

வயிறு எரிந்தது. கட்டிய மனைவி மேல் வயிறு எரிந்தது. ஊரார் மேல் என்றால் நாலு பேரிடம் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். இதை எந்த டீக்கடையில் போய்ச் சொல்வது?

அவள் தாளை எடுத்தாள். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள்.

சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தான். எதைக் கேட்டால் எதைச் சொல்வது என்று பதில்களை வரிசையாக வைத்திருந்தான்.

அவள் சண்டைக்கு வரவில்லை. வங்கிப் படிவத்தை நான்காக மடித்தாள்.

"நல்லவேளை, நீங்க பாத்துச் சொன்னீங்க. நான்பாட்டுக்குப் போயி விழுந்திருப்பேன்."

குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினான். இல்லை. இருந்திருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் விரல் மறுபடியும் தாளுக்குப் போனது. அவனுடைய பாக்கியில் வந்து நின்றது.

"மொதல்ல இது முடியட்டுங்க. பக்கத்து வீட்டு அக்கா போற நூல் மில்லுல ஆள் கேக்காங்க. நாளையிலருந்து நானும் போறேன். எட்டு மணி நேரம் நிக்கணும், அவ்வளவுதான. எனக்கென்ன, காலுதான நல்லாருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தது.

இப்போது சொல்லிவிடலாம். அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வரி. அரசுப் பள்ளித் தேர்வைப் பற்றி ஒரு வரி. ஸ்டாப் வாட்ச்சைப் பற்றிக்கூடப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாளில் இடம் இருந்தது.

போகவேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"மில்லு வண்டி ஆறு மணிக்கே வந்துரும்" என்றான்.