டீச்சர் கையில் பீர் டின்

ரஞ்சனி டீச்சரின் கைப்பையிலிருந்து பீர் டின் ஒன்று உருண்டு விழுந்தது. விழுந்ததுதான் விழுந்தது, வேறு இடத்தில் விழுந்திருக்கக்கூடாதா? வீட்டு ஓனர் தாண்டவராயனின் காலடியில் போய் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தாண்டவராயன் வாசலில் தன் வெள்ளை அம்பாசிடரைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே கேரியர் வைத்த கார். செஞ்சியிலேயே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அம்பாசிடர் அது ஒன்றுதான் என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

"இன்னாம்மா இது?"

"டின்னுங்க ஐயா."

"டின்னுன்னு எனக்குத் தெரியாதா? ஒயின்ஷாப் பின்னால காலி மனையில டீச்சரைப் பார்த்தேன்னு கன்னியப்பன் இப்பத்தான் வந்து சொன்னான். நான் நம்பல."

பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் காம்பவுண்டுக்கு மேல் தலையை மட்டும் நீட்டி, "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்று சாட்சி சொன்னார். அவர் அங்கே எதற்குப் போனார் என்று யாரும் கேட்கவில்லை.

தாண்டவராயன் தெரு நலச் சங்கத் தலைவர். காந்தி ஜெயந்தி வந்தால் மைக்கைப் பிடித்து மதுவின் தீமையை ஒரு மணி நேரம் விளாசுவார். குடிக்கிறவர்களுக்கு வீடு விடுவதில்லை என்பது அவர் கொள்கை.

"சாயங்காலத்துக்குள்ள மாடியைக் காலி பண்ணிடு. நாளைக்கு உங்க ஹெட்மாஸ்டர்கிட்டயும் வந்து சொல்லப்போறேன்."

தனியாக இருக்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் வாடகை வீடு குதிரைக்கொம்பு. அவலூர்பேட்டையிலிருந்து மாற்றலாகி வந்து, பதினோரு வீடு ஏறி இறங்கி, பன்னிரண்டாவதாக ரஞ்சனிக்குக் கிடைத்த மாடி இது.

"ஐயா, இது கேமராங்க."

கன்னியப்பன் சிரித்த சிரிப்பில் காம்பவுண்டில் இருந்த காக்கா பறந்துவிட்டது.

"நெசமாத்தான். காலி டின்ல ஊசியால ஒரு ஓட்டை போட்டு, உள்ள போட்டோ பேப்பர் வச்சு, மரத்துல கட்டிட்டேன். மார்கழியில கட்டினது, இன்னைக்குத்தான் அவுத்தேன். ஆறு மாசத்துக்கும் ஒரே படம். சூரியன் தெனமும் போற வழி கோடு கோடா விழும்."

"அதுக்கு ஒயின்ஷாப் மரந்தான் கெடைச்சுதா?"

"அங்க இருந்து பார்த்தாத்தான் ராஜகிரிக் கோட்டை மலை மறைப்பில்லாம தெரியுது. மத்த எடத்துல எல்லாம் செல்போன் டவரும் கல்யாண மண்டபமும் குறுக்க நிக்குது."

"இன்னாமா கதை விடுது பாரு! அந்தப் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல."

சத்தம் கேட்டு அவர் மனைவி வசந்தா ஈரக்கையோடு வெளியே வந்தாள். "விடுங்க, பாவம். நல்ல பொண்ணு."

"நீ சும்மா இரு. தெனமும் சாயங்காலம் மேல்சித்தாமூர் கொல்லைக்குப் போயி பயிருக்கு மோட்டார் போட, கரண்டு எப்ப வரும் எப்ப வரும்னு ராத்திரி வரைக்கும் காத்துக் கெடக்கிறேன். அப்படி ஒழைச்சுக் கட்டின வீடு. இதுல கண்டவங்களுக்கும் எடம் குடுக்க முடியுமா?"

பேசிக்கொண்டே இருந்தவர் சட்டென்று குரலை இறக்கினார்.

"ஏம்மா... அந்தப் பக்கம் போற வர்ற ஆளுங்களும் இதுல விழுவாங்களா?"

"ஒருத்தரும் விழ மாட்டாங்க ஐயா. நடமாடுறது எதுவும் இதுல நிக்காது. தெனமும் அதே எடத்துல மணிக்கணக்கா அசையாம நிக்கிறது மட்டுந்தான் தெரியும்."

தாண்டவராயன் முகத்தில் தெளிவு வந்தது. குரலும் பழையபடி ஏறியது.

"அப்படின்னா எல்லார் முன்னாடியும் திற. படம் இருந்தா மாடியில இரு. இல்லேன்னா பொட்டியைக் கட்டு."

ரஞ்சனி இதற்கு முன்னால் கட்டிய இரண்டு டின்னும் மழைத் தண்ணீர் இறங்கிப் பாழாய்ப் போனவை. மூன்றாவதன் வயிற்றில் என்ன இருக்கிறதோ, அந்த ரங்கநாதருக்குத்தான் வெளிச்சம்.

கூடத்தில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். கன்னியப்பன் காம்பவுண்டைச் சுற்றி ஓடிவந்து முதல் வரிசையில் நின்றுகொண்டார். ரஞ்சனி கறுப்பு டேப்பை உரித்து, டின்னைத் திறந்து, சுருண்டிருந்த பேப்பரை நீட்டிப் பிடித்து செல்போனில் படம் எடுத்தாள். நெகட்டிவ் போல மாறிக் கிடந்த நிறத்தைத் திருப்பினாள்.

ராஜகிரி வந்தது. அதன் தலைக்கு மேல் ஆறு மாதச் சூரியன் வரிவரியாக வளைந்து கிடந்தான்.

"அம்மாடி!" என்றாள் வசந்தா. கன்னியப்பனுக்கு வாய் மூடவில்லை. ரஞ்சனிக்கு வீடு தங்கியது ஒரு சந்தோஷம், படம் விழுந்தது அதைவிடப் பெரிய சந்தோஷம்.

"படந்தான். ஒத்துக்கிறேன்" என்றார் தாண்டவராயன் பெருந்தன்மையாக. "இருந்துக்கம்மா. நான் எதையும் மனசுல வச்சுக்க மாட்டேன். நமக்கு ஒழுக்கந்தான் முக்கியம்."

வசந்தா செல்போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.

"டீச்சர், மலைக்குக் கீழ வெள்ளையா, புகையாட்டம், இது இன்னா?"

ரஞ்சனி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துவிட்டது. தாண்டவராயனுக்கு நெற்றி வேர்த்திருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, இரக்கமும் வந்தது.

"அது ஒண்ணுமில்லக்கா. பேப்பர்ல ஏதோ கறை."

"கறைக்கு மேல கேரியர் இருக்குமா?" என்ற வசந்தா, செல்போனைப் புருஷன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"ஏங்க, மேல்சித்தாமூர் கொல்லையை எப்பங்க ஒயின்ஷாப் பின்னால தூக்கியாந்து வச்சீங்க?"